மூன்று ரீடிங்

ஜன்னலோரம் நீயே உட்கார் அம்மா. எனக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் பார்க்க வேண்டியது இதோ, என் கைக்குள் இருக்கிறது. கோயம்புத்தூர்தானே நீயும்? நல்லது. இதுவரை அந்த இடத்தில் ஒருவர் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் இதைக் காட்டினேன். "எத்தனை விக்கெட்டு?" என்று கேட்டார்.

இது ஸ்கோர் இல்லை. என் மகளுடைய நாடித்துடிப்பு. அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அவள் மணிக்கட்டில் ஒரு வாட்ச். அது பத்து விநாடிக்கு ஒரு தரம் அவள் துடிப்பை எண்ணி என் ஃபோனுக்கு அனுப்புகிறது. இப்போது எண்பத்தொன்று. காலையில் நான் பஸ் ஏறியபோது எழுபத்தெட்டு. பஸ் ஏறிவிட்டேன் என்று செய்தி அனுப்பியதும் நூற்றுப் பன்னிரண்டு. இதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இதயத்தில் ஏதோ இருக்கிறது. அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

பயப்படாதே, நான் புலம்புகிற ஆள் இல்லை. வேதவல்லி என்று பெயர். திண்டுக்கல்லில் பெண்கள் பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'மூணு ரீடிங்'. எதிரில் சொல்ல மாட்டார்கள். "மூணு ரீடிங் வருதுடி" என்று மாடிப்படி வளைவில் காதில் விழும். ஓர் அளவை ஒரே ஒரு தடவை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்று தடவை எடு, கூட்டு, மூன்றால் வகு, அப்புறம் வா. ஒரு தடவை பார்த்தது பார்த்ததே ஆகாது. அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை.

என் வீட்டுக்கு வந்தால் உனக்கு நன்றாகப் பொழுது போகும். மாடித் தொட்டியில் தண்ணீர் கால்வாசிக்கு இறங்கினால் ஃபோனில் மணி அடிக்கும். நானே செய்தது. ஒரு மிதவை, இரண்டு கம்பி, ஒரு சின்ன போர்டு, அவ்வளவுதான். வாசலில் கேமரா. ஹாலில் பேசுகிற ஸ்பீக்கர். தமிழில் கேட்டால் முழிக்கும், இங்கிலீஷில் கேட்டால் சொல்லும். தரை பெருக்க வட்டமாக ஒரு மெஷின் இருக்கிறது. கட்டிலுக்கடியில் போய் மாட்டிக்கொண்டு அழும், நான்தான் குனிந்து இழுத்து வெளியே விட வேண்டும். எதிர்வீட்டு மங்கை சொல்லுவாள்: "டீச்சர் வீட்டுல கொசு நுழைஞ்சாக்கூட ஃபோன்ல தெரிஞ்சிரும். மனுசி வந்து அரைமணி நேரமா வாசல்ல நிக்கிறேன், அது மட்டும் தெரியாது." அவளுக்கு வாய். ஆனால் அவள் வீட்டு டி.வி.யில் படம் வராவிட்டால் என்னிடம்தான் ஓடி வருவாள்.

மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பூங்கோதை. கோதை என்றுதான் கூப்பிடுவது. இருபத்தேழு வயது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவில் டெக்னீஷியன். ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் தலைமாட்டில் நின்று மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை. என் ரத்தம், மெஷின் என்றால் கை தானாகப் போகும். ஒரு நாள் மத்தியானம் ஆபரேஷன் மேஜையிலேயே ஒருவருக்கு இதயம் நின்றுபோனதாம். அங்கே இருந்த அத்தனை பேரும் பதறிப்போனார்களாம். பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்ன நேரத்தை வைத்து நோட்டில் தேடிப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவள் துடிப்பு எவ்வளவு தெரியுமா? எண்பத்து நான்கு. ஒரு மனிதர் செத்துப் பிழைத்திருக்கிறார், இவளுக்கு எண்பத்து நான்கு.

அப்படிப்பட்டவளுக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் நூற்றிருபது. தினமும். டியூட்டி முடிந்து ஹாஸ்டல் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்.

இந்த நோட்டைப் பார். நாற்பத்தேழு நாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், கிராஃப் தாளில். எட்டு ஐந்துக்கு ஏற ஆரம்பிக்கும். எட்டு பத்துக்கு நூற்றுப் பத்து. எட்டேகாலுக்கு நூற்றிருபது, சில நாள் இன்னும் மேலே. எட்டு நாற்பதுக்கு இறங்கி எண்பதுக்கு வந்துவிடும். அதோ உன் பக்கம் பழனி மலை தெரிகிறதே, அந்த மாதிரி. என் நோட்டில் இப்படி நாற்பதுக்கு மேல் மலை.

நான் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன். மெஸ் சாப்பாட்டில் உப்பு அதிகமோ என்று வார்டனிடம் கேட்டேன். மூன்றாவது மாடி ஏறுவதாலோ என்று, ஏழே முக்காலுக்கே ஏறிவிடச் சொன்னேன். ஏறினாள். ஏழே முக்காலுக்குத் தொண்ணூற்றாறு. எட்டேகாலுக்கு அதே நூற்றிருபது. காப்பியை நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினாள். பையன் யாராவது இருக்கிறானோ என்றும் நேராகவே கேட்டுவிட்டேன்.

"எட்டு மணிக்கு யார்கிட்டடி பேசற?"

"உன்கிட்டதாம்மா பேசறேன்."

"என்கிட்ட எட்டு பத்துக்குத்தான பேசற. எட்டு அஞ்சுக்கு?"

நூற்றிருபத்தாறு. குறித்துக்கொண்டேன்.

வாட்ச் எதற்கு, வயசுப்பெண் கையில் எதற்கு இதை மாட்டிவிட்டாய் என்று உன் முகம் கேட்கிறது. சொல்கிறேன்.

நான்கு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதிதாக ஒரு கேமரா வாங்கியிருந்தேன். அதை ஹாலில் மாட்டிவிட்டு, அடுத்த அறையில் உட்கார்ந்து ஃபோனோடு இணைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஹாலில் நாற்காலியில் பேப்பரோடு. அவருக்கு என் சாமான்கள் மேல் கோபம் கிடையாது. "என்னையும் அந்த ஃபோன்ல சேர்த்துரு வேதா, உனக்கு சௌகரியமா இருக்கும்" என்பார். படம் வந்தது. தெளிவாக வந்தது. வெளிச்சம் போதுமா, கோணம் சரியா என்று பார்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் இருட்டு இருந்தது, சரி செய்தேன். பதினோரு நிமிடம். பிறகு, நன்றாக வருகிறது என்று சொல்வதற்கு எழுந்து போனேன். பேப்பர் கீழே கிடந்தது.

பின்னால் அந்தப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவர் கை இரண்டு தரம் நெஞ்சுக்குப் போகிறது. ஒரு தரம் நான் இருந்த அறைப் பக்கம் திரும்பி வாயைத் திறக்கிறார், மூடிக்கொள்கிறார். என்ன சொன்னார் என்று தெரியாது. அதில் சத்தம் வராது. விலை குறைந்த மாடல்.

அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். படத்தை நம்பக்கூடாது. படத்தில் ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். ஓர் எண் இருந்திருந்தால் நான் பார்த்திருப்பேன். எண்ணை நான் தவறவிட மாட்டேன்.

கோதை அதை ஒரே ஒரு தடவை பார்த்தாள். "அந்த வீடியோவ அழிச்சிரும்மா" என்றாள். அழிப்பதா? மூன்று இடத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது வாட்சைக் கொடுத்தேன். ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அவள் அதைக் கழற்றக்கூடாது, நான் ஹாஸ்டலுக்கு வந்து நிற்கக்கூடாது. இருவரும் காப்பாற்றி வந்தோம். ஒரு தடவைதான் தகராறு. வாட்சில் சார்ஜ் தீர்ந்து எண் வரவில்லை. நான் வார்டனைக் கூப்பிட்டேன். அந்த அம்மாள் போய்க் குளியலறைக் கதவைத் தட்டியிருக்கிறார். "ஏனுங் டீச்சர், புள்ள தலைக்குக் குளிச்சிட்டு இருக்குதுங். உசுரோடதான் இருக்குது. இன்னிக்கு நாலு தடவை கூப்புட்டுட்டீங்" என்றார். நான்கு இல்லை, மூன்றுதான். அதற்குப் பிறகு கோதை இரண்டு நாள் என்னிடம் ஒரு வார்த்தையில் பேசினாள். "ம்." அவ்வளவுதான். அதுவும் எட்டு பத்துக்குத்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆஸ்பத்திரியில் இதய அறுவைக்கென்று புதிதாக ஒரு தியேட்டர் திறக்கிறார்கள். அதில் மூத்த டெக்னீஷியன் இடத்துக்குக் கோதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம் பாடுபட்டது. இரண்டு பேர் போட்டி, இவளுக்குக் கிடைத்தது. அதை அவள் சொன்னபோதுகூட நூற்றுப் பதினேழு. சந்தோஷத்தில் என்றாள். பத்து மணி நேரம் நின்றுகொண்டு செய்கிற வேலை. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டா?

அதனால் அவளுடைய மயக்க மருந்துப் பிரிவின் தலைமை டாக்டருக்கு நான் ஒரு மெயில் அனுப்பினேன். தெரிந்தவர்தான், ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். என் மகளை முழுசாகச் சோதித்துவிட்டுப் பிறகு புது வேலையில் போடுங்கள், அவள் சொல்ல மாட்டாள், தாயார் நான் சொல்கிறேன் என்று எழுதினேன். பணிவாகத்தான் எழுதினேன்.

அன்றைக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

"யாரைக் கேட்டும்மா அனுப்பின?"

"உன் நல்லதுக்குத்தான் கோதை."

"இப்ப இதய டாக்டர்கிட்ட சான்று வாங்கிட்டு வரணும்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள. இல்லன்னா அந்த இடம் வினோதினிக்குப் போயிரும்."

"நல்லதுதான, சோதிச்சுக்கலாம்ல."

"நான் பார்த்துக்கறேன். நீ வராத."

இன்றைக்குத்தான் வியாழக்கிழமை. ஓர் இதய டாக்டர் கிளினிக்கில் அவளுக்கு ஒரு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வரவேற்பறைப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இந்த வாரத்தில் பதினோரு தடவை பேசியிருக்கிறேன், இப்போது என் எண்ணைப் பார்த்தாலே எடுப்பதில்லை. இருக்கட்டும். பன்னிரண்டரைக்கு உக்கடத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஒரு மணிக்கு நோட்டோடு டாக்டர் முன்னால் நிற்பேன். நோட்டைப் பார்க்காமல் அவர் எப்படிச் சான்று கொடுப்பார்? பத்து நிமிடம் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தால் போதுமா? நான் நாற்பத்தேழு நாள் பார்த்தவள்.

எண்பத்து மூன்று. பரவாயில்லை.

எந்தப் பக்கத்தைப் பார்க்கிறாய்? ஓ, அதுவா. ஆமாம், அந்த மூன்று நாள் மலை இல்லை. எட்டு ஐந்துக்கு எழுபத்திரண்டு, எட்டேகாலுக்கு எழுபத்து மூன்று. தரை மாதிரி கிடக்கும். அது விதிவிலக்கு. அந்த மூன்று நாளும் மழை, குளிர்ச்சியில் நரம்பெல்லாம் அமைதியாக இருந்திருக்கும். என் ஃபோன் தண்ணீர் டிரம்மில் விழுந்து ரிப்பேருக்குப் போயிருந்தது அப்போதுதான். மங்கையின் ஃபோனிலிருந்து கோதைக்குச் சொல்லிவிட்டேன், மூன்று நாள் கூப்பிட முடியாது என்று. நல்லவேளையாக வாட்ச் எல்லா எண்ணையும் சேமித்து வைத்திருந்தது. ஃபோன் வந்ததும் இறக்கிக் குறித்துக்கொண்டேன்.

ஏன் சிரிக்கிறாய்?

இல்லை, சிரித்தாய். சொல், பரவாயில்லை.

நான் கூப்பிடுவதால்தான் ஏறுகிறதா? இதைத்தான் சொல்வாய் என்று நினைத்தேன். நீ என்ன படித்திருக்கிறாய்? பி.காம். சரி. அதை நான் முதல் வாரத்திலேயே நீக்கிவிட்டேன் அம்மா. நான் கூப்பிடுவது எட்டு பத்துக்கு. ஏற ஆரம்பிப்பது எட்டு ஐந்துக்கு. சுவிட்சைப் போடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் விளக்கு எரியுமா? பின்னால் நடப்பது முன்னால் நடப்பதற்குக் காரணமாக முடியாது. முதல் வருடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அது எப்படிப் பயமாக இருக்க முடியும்? நான் அவளைத் திட்டுவதுகூட இல்லை. சாப்பிட்டாயா, ஏன் தொண்ணூற்றெட்டு, மூச்சை இழுத்து விடு, இப்போது நூற்றுப் பத்து வந்துவிட்டது பார், என்ன மறைக்கிறாய், இவ்வளவுதானே கேட்கிறேன். எந்தத் தாயும் கேட்பதுதான். நீ ஜன்னலுக்கு வெளியே பார் அம்மா. காற்றாலை வந்துவிட்டது, உடுமலைப்பேட்டை தாண்டிவிட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் வருவோம்.

...

சரி. உன்னோடு வாக்குவாதம் எதற்கு? சோதித்துப் பார்த்துவிடலாம். கையில் கருவி இருக்கிறது. நீ என் பக்கம் திரும்பி இந்த எண்ணைப் பார். நான் கூப்பிடுகிறேன். எடுத்தால், பொள்ளாச்சி நெருங்கிவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். எண்பத்திரண்டில் இருக்கிறது, குறித்துக்கொள்.

அடிக்கிறது. எண்பத்திரண்டு. தொண்ணூற்றைந்து. எடுக்கவில்லை. நூற்றிரண்டு. நூற்றொன்பது.

நின்றுவிட்டது. எடுக்கவில்லை.

ஒன்று வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இறங்கட்டும், மறுபடி எடுப்போம். தொண்ணூற்றெட்டு. தொண்ணூறு. எண்பத்தெட்டு. இது போதும். அடிக்கிறது. நூறு. நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதினெட்டு. ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாள்? இன்றைக்கு அவளுக்கு விடுமுறைதானே.

கையைப் பிடிக்காதே அம்மா. இரண்டில் நிறுத்தினால் அது சோதனை இல்லை. இன்னும் ஒரு தரம்தான். இறங்கவில்லை, நூற்றொன்றிலேயே நிற்கிறது. பரவாயில்லை, நூற்றொன்றிலிருந்தே எடுப்போம். அடிக்கிறது. நூற்றுப் பதினாறு. நூற்றிருபத்தைந்து. நூற்று முப்பத்து மூன்று.

கோடு.

எண் எங்கே? இரண்டு கோடு வருகிறது. இதில் எண் வர வேண்டும். இது எப்போதும் வராது, சார்ஜ் தீர்ந்தால் சிவப்பாகக் காட்டும், இது சிவப்பில்லை. துடிப்பு கிடைக்கவில்லை என்றால்தான் இந்தக் கோடு. நூற்று முப்பத்து மூன்றிலிருந்து நேராகக் கோடா? கண்டக்டர் தம்பி, வண்டியை எங்கேயும் நிறுத்தாமல் போகச் சொல்லுங்கள். என் மகளுக்கு, என் மகள் கோயம்புத்தூரில். விடு அம்மா, நான் நிற்கிறேன், எனக்கு உட்கார முடியாது. "பொள்ளாச்சியே இன்னும் வரல, உக்காருங்கம்மா, விழுந்துருவீங்க" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்? வார்டன் நம்பர், வார்டன் நம்பர் எங்கே? ஆஸ்பத்திரி நம்பர்?

செய்தியா? எங்கே, எனக்கு எழுத்து ஓடுகிறது. நீ படி. அவளிடமிருந்துதானா? அவளே அனுப்பியதா? படி.

"ஈ.சி.ஜி. மேஜைல படுத்திருக்கேன். வாட்சக் கழட்டச் சொல்லிட்டாங்க. நீ வர்றதுக்கு முன்னாடி முடிச்சிரலாம்னு நேரத்தை மாத்தி பத்தரைக்கே வந்தேன். மூணு தடவையும் ஃபோன் தலைமாட்டுலதான் அடிச்சுது. துடிப்பு அதிகமா இருக்கு, ரெண்டு நாள் உடம்புல மெஷின் கட்டிப் பார்த்துட்டுத்தான் சான்றுன்னு டாக்டர் சொல்றார். எனக்கு ரெண்டு நாள் இல்லம்மா. தயவுசெஞ்சு அடிக்காத."

இன்னொரு தரம் படி.

வேண்டாம். கேட்டுவிட்டது.

உயிரோடு இருக்கிறாள். அது முதலில். இரு, மூச்சு வாங்குகிறது.

நூற்றொன்பது. நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பத்து மூன்று. கூட்டினால் முந்நூற்று அறுபது. மூன்றால் வகுத்தால் நூற்றிருபது. தினமும் நோட்டில் எழுதுகிற அதே நூற்றிருபது. என் மாணவி ஒருத்தி இதைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்த எட்டு ஐந்து மட்டும். அதுதான் இடிக்கிறது.

இல்லை. இடிக்கவில்லை. நான் மாடிப்படி ஏறும்போதே லேபில் பேச்சு நின்றுபோகும் அம்மா. நான் உள்ளே நுழைந்திருக்கவே மாட்டேன். அது மரியாதை என்று முப்பத்தொரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் ஃபோனைக் கொடுக்கிறாயா? என் எண்ணைப் பார்த்தால் கிளினிக்கில் எடுக்க மாட்டார்கள். கொடு, நான் அவளைக் கூப்பிடவில்லை. டாக்டரைத்தான். எண் எனக்கு மனப்பாடம்.

ஹலோ. ஆமாம், நான்தான். வைத்துவிடாதே கண்ணு, பன்னிரண்டாவது தடவைதான், கணக்கு எனக்கும் தெரியும். உள்ளே பூங்கோதை என்று ஒரு பெண் ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் விஷயமாக டாக்டரிடம் ஒரே ஒரு நிமிடம். அவளிடம் இல்லை. அவளுக்குத் தெரியக்கூட வேண்டாம். டாக்டரிடம்.

வணக்கம் டாக்டர். பூங்கோதையோட அம்மா பேசறேன். ஆஸ்பத்திரிக்கு மெயில் அனுப்பினது நான்தான். டாக்டர், அவளுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. இப்ப மூணு தடவை துடிப்பு ஏறினது மூணு தடவையும் என் ஃபோன். நேரம் வேணும்னா சொல்றேன், பத்து ஐம்பத்து ரெண்டு, ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தேழு. தினமும் ராத்திரி ஏறினதும் அதேதான். நான் கூப்பிடாத மூணு நாள் ஏறல. நாற்பத்தேழு நாள் ரீடிங் கையில இருக்கு. அவளுக்கு என்ன வியாதின்னு நீங்க தேட வேண்டாம். அது... அது நான்தான் டாக்டர்.

சரி. சரிங்க. நோட்டு வேண்டாமா? சரி, வேண்டாம். புரியுது. முடியும். முடியும் டாக்டர்.

கேட்டதா? பத்து நிமிடம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் மறுபடி எடுத்துப் பார்க்கிறாராம். "அந்தப் பத்து நிமிஷம் உங்களால முடியுமாம்மா?" என்று கேட்கிறார். ஒரு பச்சைக் குழந்தையிடம் கேட்பது மாதிரி கேட்டார்.

இந்தா, என் ஃபோனை நீ வைத்துக்கொள். பைக்குள் போடு. ஜிப்பை மூடு. நான் கேட்டாலும் தராதே.

ஏதாவது பேசு. உன் ஊர் எது? என்ன வேலையாகப் போகிறாய்? நீ சொல்லு, நான் கேட்கிறேன். நான் இவ்வளவு நேரம் உன் பெயரைக்கூடக் கேட்கவில்லை, பார். செண்பகவல்லியா. நல்ல பெயர். அந்தப் பெயரை இப்போது யார் வைக்கிறார்கள்?

எத்தனை நிமிடம் ஆயிற்று? இரண்டா? வெறும் இரண்டா?

படுத்திருப்பாள். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு. சின்னப் பெண்ணாக இருந்தபோது காய்ச்சல் வந்தால் அப்படித்தான் படுத்திருப்பாள், கூப்பிடவே மாட்டாள். அவள் அப்பாதான் போய்த் தொட்டுப் பார்ப்பார். நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு வந்து, "கொஞ்சம் சுடுது" என்பார். நான் சண்டை போடுவேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? தெர்மாமீட்டர் எதற்கு இருக்கிறது?

ஐந்தா. சரி. நான் கேட்கவில்லை, உன் முகத்தைத்தான் பார்த்தேன்.

தண்ணீர் இருக்கிறதா உன்னிடம்? வேண்டாம், மேலே கொட்டிக்கொள்வேன்.

சொல்லி வைத்த மாதிரி பஸ்ஸையும் நிறுத்திவிட்டான். ரயில்வே கேட்டா? சரி, நிற்கட்டும்.

பத்து ஆகிவிட்டதா? பன்னிரண்டா? அப்படியானால் ஏன் ஒன்றும் வரவில்லை? மறுபடியும் ஏறியிருந்தால்? நான் கூப்பிடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தால்? அவளுக்கு எப்படித் தெரியும், நான் ஃபோனை உன்னிடம் கொடுத்துவிட்டேன் என்று? யாராவது அவளிடம் சொல்ல வேண்டும். அம்மாவிடம் ஃபோன் இல்லை என்று. நீ அவளுக்கு ஒரு செய்தி... இல்லை. வேண்டாம். எதுவும் அனுப்பாதே. பையைத் திறக்காதே.

உன் ஃபோன். அடிக்கிறது பார். கிளினிக் எண்தான். எடு. என்னிடம் நீட்டாதே, நீயே பேசு.

யார்? டாக்டரா? அவளா? அவளேயா?

"ம்... ஆமாங்க, பக்கத்துலதான் இருக்காங்க... சரிங்க... சொல்றேங்க" என்கிறாய். என்ன சொல்லப்போகிறாய்? வைத்துவிட்டாளா?

எழுபத்தாறு. எழுபத்தாறா சொன்னாள்? எத்தனை தடவை எடுத்... ஒன்றும் இல்லை. ஒரு தடவை போதும். சான்று? கையெழுத்துப் போட்டுவிட்டாரா? கையில் வாங்கிவிட்டாளா? நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாளா? போகட்டும். நாலு மணிக்கு நிறைய நேரம் இருக்கிறது.

அப்புறம்? நீ ரொம்ப நேரம் 'ம்' கொட்டினாயே. என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா?

அம்மா அழுகிறார்களா என்று கேட்டாளா. நீ என்ன சொன்னாய்? இல்லை என்றா சொன்னாய்? நல்லது.

வேறே?

"இனிமே நீங்க கூப்பிட வேண்டாம், நானே கூப்பிடறேன்னு சொல்லச் சொன்னாங்க." அப்படியேவா சொன்னாள்? 'நானே' என்றா?

சரி.

கேட் திறந்துவிட்டான். பொள்ளாச்சியில் இறங்கிக்கொள்கிறேன் அம்மா. நான் போய் நின்றால் அவளுக்கு... இல்லை, இறங்கிக்கொள்கிறேன். எதிர்ப்பக்கம் திண்டுக்கல் பஸ் நிற்கும். என் ஃபோனைக் கொடு. இன்னும் இரண்டு கோடுதான் இருக்கிறது. வாட்சைத் திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ள மாட்டாள். நோட்டு அங்கேயே இருக்கட்டும், கனமாக இருக்கிறது. உனக்கு வேண்டாமென்றால் இறங்கும்போது சீட்டிலேயே விட்டுவிடு.

தம்பி, பொள்ளாச்சி ஒரு ஆள் இறங்கணும்.

செண்பகவல்லி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நானே கூப்பிடுகிறேன் என்றாளே. எப்போது என்று ஏதாவது சொன்னாளா?